அரைச் சூடு

இன்று காலை பக்கத்து வளவில் ஆட்டுத்தலை வாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை, கறிக்கு வாங்கியிருப்பார்கள். மயிர் கருகி, கொம்பின் அடி வெந்து வரும் அந்த மணம் வேலியைக் கடந்து என் குசினிக்குள் வந்து நின்றது. தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் போகவில்லை. செத்துப்போன புருசனை நினைக்க மற்றப் பெண்களுக்கு ஒரு சட்டையோ உட்கார்ந்திருந்த ஒரு கதிரையோ இருக்கும். எனக்கு வாய்த்தது கருகின கொம்பின் நாற்றம்.

நீங்கள் போய் ஒரு வருசம் தாண்டிவிட்டது. திவசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உங்களைப் புகழ்ந்து, சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு போனார்கள். செத்தவரைக் குறை சொல்லாதே என்று என் தங்கச்சி கண்ணால் காட்டினாள். அன்றைக்கு வந்தவர்கள் யாருக்கும் நான் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன். உயிரோடு இருந்தபோதும் முகத்துக்கு நேரேதான் சொன்னேன். நீங்கள்தான் கேட்காத மாதிரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தீர்கள்.

கட்டாரிலிருந்து நீங்கள் ஒரேயடியாகத் திரும்பி வந்த நாள் நினைவிருக்கிறதா? முற்றத்தில் வைத்துத்தான் சூட்கேஸைத் திறந்தீர்கள், வீட்டுக்குள் வைத்துத் திறந்தால் அயலவர்கள் பார்க்க முடியாதே. மகளுக்கு ஒரு சென்ட் போத்தல். எனக்கு ஒரு தடித்த போர்வை. நம் படுவான்கரை வெயிலில் போர்வை யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், துவாயால் சுற்றி, ஒரு இரும்பு. மரக் கைபிடி, நீளமான வயர், நுனியில் குழிந்த செம்பு.

"இதென்ன, தலைமயிர் சுருட்டுறதா?" என்று கேட்டேன்.

வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தீர்கள். "ஆட்டுக்குக் கொம்பு முளைக்காமப் பண்ற மிஷின். அங்க ஆயிரம் குட்டிக்கு இந்தக் கையாலதான் சுட்டனான்."

அந்தக் கையை நான் பார்த்தேன். உள்ளங்கை மிருதுவாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையா, இரும்பைப் பிடித்த கையா என்று யோசிக்க எனக்கு அப்போது புத்தி வரவில்லை. வந்திருந்தால் எத்தனையோ ஆடுகள் தப்பியிருக்கும்.

கொண்டுவந்த காசில் கலப்பினப் பெட்டை மறிகள் இரண்டு வாங்கினீர்கள். நல்ல பால் ஆடுகள். வேலிக் கிளிசரியா இலையை ஒடித்துப் போட்டால் நின்ற நிலையில் தின்று முடிக்கும். பால் ஆட்டுக்குக் கொம்பு ஆகாது, கொட்டிலின் பலகை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், பக்கத்து ஆட்டின் மடியைக் குத்தும் என்று சொன்னீர்கள். அது சரியான கதைதான். உங்கள் கதைகள் எல்லாம் தொடங்கும்போது சரியாகத்தான் இருக்கும்.

வெள்ளச்சி பிறந்து ஒரு கிழமை இருக்கும். அவள்தான் உங்கள் முதல் குட்டி. அன்றைக்கு நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டீர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டீர்கள், இறப்பர்க் கையுறை போட்டீர்கள். குசினியிலிருந்து வயர் இழுத்து, முற்றத்தில் மேசை போட்டு, அயலவர்களுக்குக் கதிரையும் போட்டீர்கள். குட்டியின் நெற்றிக்கு மேலே இரண்டு பக்கமும் சின்ன மொட்டு. தோலுக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவு. அதை எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். "இதச் சுத்தி ஒரு வட்டம். தோல் செம்பு நிறத்துக்கு வரணும். முழு வட்டம். அவ்வளவுதான் வேலை."

நான் குட்டியைப் பிடித்திருந்தேன். நீங்கள் இரும்பை வைத்தீர்கள். குட்டி கத்தினது. மனிதப் பிள்ளை கத்துகிற மாதிரியே. அடுத்த கணம் இரும்பு மேலே இருந்தது. மறுபக்கமும் அப்படித்தான், தொட்டது தெரியும், அழுத்தினது தெரியாது.

"முடிஞ்சிது," என்றீர்கள். கதிரைகளில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். வட்டம் பின்பக்கம் மட்டும் விழுந்திருந்தது. முன்பக்கம் மயிர் கருகினதோடு சரி. "முன்னுக்குச் சுடுபடல்லையே," என்றேன்.

"உனக்கென்ன தெரியும் புள்ள? ஆயிரம் குட்டி."

அந்த ஆயிரத்தை வைத்துத்தான் அதற்குப் பிறகு என் வாயை எத்தனையோ தரம் அடைத்தீர்கள்.

அந்தப் போகத்து நெல் கதிர் தள்ளும் காலத்தில் வெள்ளச்சியின் தலையில் அது வந்தது. கொம்பென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. சுடுபடாமல் விட்ட இடத்திலிருந்து மட்டும் கிளம்பி, ஒரு பக்கம் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டு, மறுபக்கம் வளைந்த ஆணி மாதிரி நீண்டது. இடது பக்கத்தது அடியில் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தது. இலைக்கு முட்டுப்படும்போது அது பிய்ந்து இரத்தம் முகத்தால் வழியும். வெள்ளை முகத்தில் சிவப்பு. நான் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் தூணில் சாய்ந்து நின்று காரணம் சொல்வீர்கள்.

ஒரு நாள் வாவிக் காற்றில் உப்பு அதிகம் என்றீர்கள். இன்னொரு நாள் கிளிசரியா இலை சூடு என்றீர்கள். பிறகு கலப்புச் சாதியின் இரத்தம் என்றீர்கள். இரும்பு ஒருநாளும் காரணமாக இருக்கவில்லை. கை ஒருநாளும் காரணமாக இருக்கவில்லை.

இதற்குள் உங்கள் பெயர் கொக்கட்டிச்சோலை தாண்டிப் போய்விட்டது. "ஆட்டு டொக்டர்." யாரோ ஒருவர் பகிடிக்குச் சொன்னதை நீங்கள் பட்டமாக எடுத்துக்கொண்டீர்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் இரும்பைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனீர்கள். காசு வாங்கவில்லை, அதைச் சொல்லவேண்டும். தேத்தண்ணியும் கதிரையும் தலையாட்டலும் போதும் உங்களுக்கு. மறுகா, சுட்ட இடமெல்லாம் குறைக்கொம்பு முளைக்கத் தொடங்கியது. சனம் ஆடுகளை இழுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வரத் தொடங்கியது. படலை திறக்கிற சத்தம் கேட்டதும் உங்களுக்கு வட்டையில் வேலை வந்துவிடும். வயலில் வரம்பு உடைந்துவிடும். தண்ணீர் திருப்ப வேண்டியிருக்கும். கோடையிலும் தண்ணீர் திருப்பிய ஒரே மனிசன் நீங்கள்தான்.

வந்தவர்களுக்கு முகம் கொடுத்தது நான்.

ஒரு தரம் நீங்கள் சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக்கி வெள்ளச்சியின் குறைக்கொம்புக்கு இறுக்கிவிட்டீர்கள். இரத்தம் ஓடாமல் தானாக விழுந்துவிடுமாம். கட்டாரில் அப்படித்தானாம். அவள் தின்னாமல், தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றாள். பால் வற்றியது. நான் கத்தரியை எடுத்து வளையத்தை அறுத்தபோது கீழே தோல் அழுகத் தொடங்கியிருந்தது. வெட்டின வளையத்தை உங்கள் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் அதை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டீர்கள்.

அடுத்த நாள்தான் நான் அரசாங்க மிருக வைத்தியரிடம் போனேன். டவுனிலிருந்து வந்துபோகிற, குரல் உயராத பெண். வெள்ளச்சியைப் பார்க்க வீட்டுக்கே வந்தா. குறைக்கொம்பின் மேல் என் கையை எடுத்து வைத்தா.

"சூடாயிருக்கிற இடம் தெரியுதா அக்கா? அது மட்டும் இரத்தம் ஓடுது. உணர்ச்சியும் அங்க இருக்குது. நுனி குளிர்ந்திருக்கும், பாருங்க. அந்தக் குளிர்ந்த துண்டைத்தான் நீங்க எடுக்கலாம். ஒரேயடியா இல்ல, ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா, அடிக்கடி. மெல்லிய இளஞ்சிவப்புத் தெரிஞ்சா அதோட நிப்பாட்டணும்."

"அடியோட எடுத்தா என்ன மிஸ்?"

"வளர்ந்த ஆட்டுக்குக் கொம்படியில மண்டைப் பொந்துக்குள்ள போற ஓட்டை இருக்குது. அதத் திறந்துபோட்டா இலையான் புகுந்து புழு வைக்கும், சீழ் பிடிக்கும். அது எங்கட வேலை. மயக்கி, விறைக்க ஊசி போட்டு, கட்டுப்போட்டுச் செய்யிறது. வீட்டில ஆரும் வாள் எடுக்கப்படாது."

நீங்கள் அதுவரைக்கும் மாமரத்துக்குப் பின்னால் நின்று மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அவ போன பிறகு வந்து, "நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தனான்," என்றீர்கள். கோபம்கூட வரவில்லை எனக்கு. கோபப்படுவதற்கும் ஒரு மரியாதை வேண்டும்.

அதிலிருந்து கறவைப் பலகையில் தவிட்டுச் சட்டியை வைத்து, ஆட்டைக் கட்டி, குளம்பு வெட்டுகிற கத்தரியாலும் அரத்தாலும் நான்தான் பார்த்தேன். நம்முடையதையும் பார்த்தேன், நீங்கள் சுட்டுவிட்டு வந்த மற்றவர்களுடையதையும் பார்த்தேன். முதலில் கையால் தடவி, எதுவரை சூடு என்று பார்ப்பேன். பிறகு நகம் வெட்டுகிற அளவு. நுனி எந்தப் பக்கம் வளைகிறது, கண்ணுக்கா கன்னத்துக்கா என்று பார்ப்பேன். வெயில் ஏறி இலையான் மொய்க்கும் முன்பே முடித்துவிடுவேன். தெரியாமல் இரத்தம் வந்தால் சுத்தத் துணியால் அழுத்தி, மிருக டொக்டர் தந்த தூளைப் போட்டு, சுற்றிவர வேப்பெண்ணெய் தடவுவேன். சிரமமான வேலை இல்லை. ஆனால் அந்த ஆடு சாகும்வரை முடியாத வேலை. நீங்கள் இரும்பைத் தூக்கினது ஒரு கணம். அந்தக் கணத்தைத்தான் நான் வருசக்கணக்காக அராவிக்கொண்டிருந்தேன்.

ஜொனியின் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விடுவேன் என்று நினைத்தீர்களா?

எமெல்டா அக்கா டவுனிலிருந்து வந்து நம்மிடம் கிடாய்க்குட்டி வாங்கினவ. போர்த்துக்கேய வழிப் பறங்கிச் சனம். தேவாலயத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் தனியாக இருந்தவ. பிள்ளைகள் இல்லை, நாயும் செத்துப்போய்விட்டது. வீட்டோடு வளர்க்க ஒரு உயிர் வேண்டும், ஆனால் கொம்பு கூடாது, தனக்கு விழுந்து முறிகிற எலும்பு என்றா. நீங்கள் நெஞ்சில் கை வைத்து, "கரண்டி, என்ட உத்தரவாதம். இவனுக்குக் கொம்பு வந்தா எனக்கிட்ட வாங்க," என்றீர்கள். கிடாயின் மொட்டு மறியினதைவிடப் பெரிது, முன்பக்கம் நீண்டிருக்கும், அங்கே இன்னொரு சூடு வைக்க வேண்டும் என்று டொக்டர் எனக்குச் சொன்னது பிறகு. நீங்கள் அவனுக்கும் அதே தொட்டும் தொடாத சூட்டைத்தான் வைத்திருந்தீர்கள்.

ஜொனி என்று பெயர் வைத்தா. விதையடித்து, கழுத்தில் மணி கட்டி, விறாந்தையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து வளர்த்தா. பாணும் வாழைப்பழத் தோலும் தின்பான். பாட்டுக் கேட்டால் தலையை ஆட்டுவான் என்பா. தலை ஆட்டினதற்குக் காரணம் பாட்டில்லை. அவனுடைய வலது குறைக்கொம்பு சுருண்டு சுருண்டு கீழே வந்து, அதன் நுனி கண்ணிமைக்கு மேலே உரசிக்கொண்டிருந்தது. அந்த அக்காவுக்குக் கண் பார்வை மட்டு. மணம் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஓட்டோவில் ஜொனியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாலம் கடந்து வந்தா. அன்றைக்குப் பார்த்து உங்களுக்கு வட்டைக்கு ஓட வழியிருக்கவில்லை. படலையிலேயே பிடிபட்டுவிட்டீர்கள்.

"பாருங்க மிஸ்டர், நீங்கதானே கரண்டி சொன்னது," என்றா எமெல்டா அக்கா. அழவில்லை அப்போது. சாமான் திருப்பிக் கொடுக்க வந்தவ மாதிரி நிமிர்ந்து நின்றா.

நுனி தோலைத் துளைத்திருந்தது. அதைச் சுற்றி வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. துளைக்குள் புழு நெளிந்தது. நான் ஃபோனை எடுத்து டொக்டருக்கு அடித்தேன். வாறன், ஒண்டும் தொடாதீங்க, நுனிக்குக் கீழ துணிய மட்டும் வைங்க என்றா.

"டொக்டர் வாறா. ஒண்டும் செய்யவேணாமாம்," என்று உங்களுக்குச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"இதுக்கு என்னத்துக்கு டொக்டர்? அடியோட அறுத்தா முடிஞ்சிது," என்று நீங்கள் இரும்பறுக்கிற வாளோடு வந்தீர்கள். எமெல்டா அக்கா பார்த்துக்கொண்டிருந்தா. ஓட்டோக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். வேலிக்கு மேலே இரண்டு தலை. பார்க்க ஆள் இருந்தால் உங்களால் சும்மா இருக்க முடியாது.

"வைக்காதீங்க," என்றேன். உங்கள் கையையும் பிடித்தேன். உதறினீர்கள்.

இரண்டு இழுவை. அவ்வளவுதான். ஜொனி கத்தினான். இரத்தம் பீச்சி உங்கள் சட்டைக் கழுத்தில் அடித்தது. நீங்கள் வாளைப் போட்டுவிட்டுத் திரும்பி, படலையைத் திறந்து, ஒழுங்கையில் இறங்கி, வாவிப் பக்கம் நடந்தீர்கள். ஓடவில்லை, நடந்தீர்கள். ஏதோ அலுவலாகப் போகிற மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

நான் சீலைத் தலைப்பை மடித்து அழுத்திக்கொண்டு தரையில் இருந்தேன். அந்த அக்கா ஜொனியின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு இருந்தா. இப்போது அழுதா. "மாதாவே, மாதாவே," என்று அவனுடைய காதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தா. என் கை விறைத்துப் போனது. கையை எடுத்தால் கொட்டும், அதனால் எடுக்கவில்லை. டொக்டர் வந்து, ஊசி போட்டு அவனைத் தூங்கவைத்து, கண்ணுக்கு மேலிருந்த நுனியை மெல்லிய கம்பி வாளால் எடுத்து, நீங்கள் அறுத்த வெட்டுவாயைச் சுட்டு இரத்தம் நிறுத்தி, புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஏற்புவலிக்கு ஊசியும் போட்டு முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் ஆழமாப் போயிருந்தா மண்டை திறந்திருக்கும். ஆர் அறுத்தது?" என்று கேட்டா.

அந்த நேரம் பார்த்து நீங்கள் படலையால் வந்தீர்கள். முகம் கழுவி, தலை சீவியிருந்தீர்கள். எல்லாரையும் பார்த்துச் சொன்னீர்கள்: "நான் ஆள் கூட்டியாறத்தான் போனனான். ஆரும் ஆம்பிடல்ல."

எமெல்டா அக்கா உங்களைப் பார்த்தா. ஓட்டோவில் ஏறும்போது என் இரத்தக் கையைப் பிடித்து, "நீங்க எப்பிடித் தங்கச்சி இந்த மனிசனோட இரிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டா. நீங்கள் இரண்டு அடி தள்ளித்தான் நின்றீர்கள். காதில் விழுந்திருக்கும்.

ஜொனி பிழைத்தான். கண்ணும் தப்பியது, இமையில் ஒரு தழும்போடு. மாதம் ஒரு தரம் பாலம் கடந்து போய் நான்தான் அவனுக்கு அராவிவிட்டு வருகிறேன், இப்போதும். எமெல்டா அக்கா லவ் கேக் வெட்டி வைத்திருப்பா. உங்கள் பெயர் அந்த விறாந்தையில் ஒருநாளும் எழும்பினதில்லை.

பிறகு நீங்கள் போனீர்கள். கதிர் பார்க்கப் போன இடத்தில், வரம்பில் இருந்தபடியே. உண்மையாகவே வட்டைக்குப் போன ஒரு நாளில். அழுதேன். அதை மறைக்க மாட்டேன். ஒரு மனிசனை மதிக்காதது வேறு, அவன் வராத வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. செத்த வீட்டில் ஒருவர் எழும்பி, இந்தப் பக்கத்தில் உங்கள் கை படாத ஆடு இல்லை என்று பேசினார். சனம் தலையாட்டியது. அதற்குப் பிறகு வெளியில் போகிற வழியெல்லாம் வேலியோரம் கட்டியிருந்த ஆடுகளைப் பார்த்தேன். கோணல் கொம்பு, ஆடுகிற கொம்பு, கன்னத்தைத் தேடி வளைகிற கொம்பு. அவர் சொன்னது சரிதான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு உங்கள் ஏறாவூர்க் கூட்டாளி வந்தார். கட்டாரில் ஒரே அறையில் உங்களோடு இருந்தவர். சேதி பிந்தித்தான் கிடைத்ததாம். பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்து, முற்றத்தில் இருந்து, உங்களுக்காக உண்மையாகவே கண் கலங்கினார். நல்ல மனிசன் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கொட்டில் பக்கம் பார்வை போனது. எழும்பிப் போய் வெள்ளச்சியின் தலையைத் தடவினார்.

"இதுக்கு ஆரு தங்கச்சி சுட்ட?"

"உங்கட கூட்டாளிதான். அங்க ஆயிரம் குட்டிக்குச் சுட்டவராமே."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம். "அவரா? அல்லாவே. அவரு தண்ணி பவுசர் லொறி ஓட்டின ஆளு தங்கச்சி. சுட்டது நான். சூடு வைக்கிற நாளையில அவரு பவுசருக்குள்ள ஏறி, கண்ணாடிய ஏத்திப்போட்டு, இன்ஜின ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டு இருப்பாரு. குட்டி கத்துறது கேக்கப்படாதாம். நாங்க எல்லாரும் பகிடி பண்ணுவம். சோறும் தின்னமாட்டாரு அண்டைக்கு."

நான் கொட்டில் மூலையில் தொங்கினதைக் காட்டினேன்.

"அந்த இரும்பு?"

"பழசு, எறியச் சொன்னாங்க. அவரு கேட்டு எடுத்துக்கிட்டாரு. என்னத்துக்கெண்டு எனக்கு விளங்கல்ல." வெள்ளச்சியின் மொட்டு இருந்த இடத்தின் முன்பக்கத்தை விரலால் காட்டினார். "ஆனா ஒண்டு தங்கச்சி. முழுக்கச் சுட வேணும் எண்டு அவருக்கு நல்லாத் தெரியும். நானே சொல்லியிருக்கன். பாவம் பார்த்துப் பாதியில எடுத்தா அந்த உசிரு காலம் முழுக்கப் படும் எண்டு. ஓம் ஓம் எண்டுவாரு."

இதைக் கேட்ட என் தங்கச்சி, "பாத்தியா அக்கா, அத்தானுக்கு எவ்வளவு இளகின மனசு," என்று மூக்கைச் சிந்தினாள். மகளும் ஃபோனில் அழுதாள். எல்லாருக்கும் நீங்கள் இன்னும் நல்லவராகிவிட்டீர்கள்.

எனக்கு ஆகவில்லை. கேளுங்கள். தெரியாத மனிசன் பிழையாகச் செய்தார் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்தேன். தெரியாதவனை ஒரு கட்டத்தில் விட்டுவிடலாம். நீங்கள் தெரிந்தவர். கத்தலைக் கேட்க முடியாதவருக்கு இரும்பைத் தொடாமல் இருக்க வழி இருந்தது. என்னிடம் வந்து, புள்ள, என்னால ஏலாது, டொக்டரைக் கூப்பிடு என்று ஒரு வசனம் சொல்ல வழி இருந்தது. அந்த வசனத்தைச் சொன்னால் கதிரையில் இருந்தவர்கள் தலையாட்ட மாட்டார்கள். அதற்காக இரும்பை எடுத்தீர்கள். பிறகு கத்தலுக்குப் பயந்து அதைத் தூக்கினீர்கள். நீங்கள் தூக்கினது குட்டிக்காக இல்லை, உங்கள் காதுக்காக. குட்டிக்கு வலி மிச்சமாகவில்லை. உங்களுக்குத்தான் மிச்சமானது. மிச்சத்தை வெள்ளச்சி சுமந்தாள், ஜொனி சுமந்தான். ஜொனியின் இரத்தம் சட்டையில் அடித்தபோதும் நீங்கள் பவுசருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். இதற்கு இளகின மனசு என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

இரும்பைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தேன். எவ்வளவு தந்தான் என்று பார்க்கவில்லை. கோணல் கொம்போடு வருகிறவர்களிடம் இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்: வாவிக் காற்றும் இல்லை, இலையும் இல்லை, அவர் அரைச் சூடு வைத்தார், அதனால் வந்தது. சிலர் என்னைத்தான் முறைக்கிறார்கள். "செத்த மனிசனைப் போய்..." என்கிறார்கள். நான் ஆட்டைப் பிடித்துப் பலகையில் கட்டுகிறேன். குளிர்ந்த நுனி எது, சூடான அடி எது என்று அவர்களுடைய கையையே பிடித்து வைத்துக் காட்டுகிறேன். அடுத்த குட்டிக்கு, பிறந்து ஒரு கிழமைக்குள் டொக்டரிடம் போங்கள், இல்லாவிட்டால் கொம்போடு விடுங்கள், கொம்போடு வாழ்கிற ஆடு எத்தனையோ உண்டு என்று சொல்கிறேன். முழுதாக விடலாம், அல்லது முழுதாக எடுக்கலாம். நடுவில் நிற்கிறதுதான் ஆட்டைத் தின்னுகிறது.

போன கிழமை வெள்ளச்சியின் பேத்திக்குச் சூடு வைக்கிற நாள் வந்தது. மறிதான். ஆனாலும் மொட்டு நல்ல தடிப்பு. டொக்டர் வந்தா. இரண்டு பக்கமும் விறைக்க ஊசி போட்டு, கொஞ்சம் பொறுத்து, ஊசி நுனியால் தொட்டுப் பார்த்தா. என்னைக் குட்டியைப் பிடிக்கச் சொன்னா. மடியில் துவாயை விரித்து, நான்கு கால்களையும் மடித்து, தாடையை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தேன்.

இரும்பு வைத்தா. ஊசி போட்டிருந்தும் குட்டி கத்தினது, பிடித்த பிடிக்குப் பயந்து. அதன் சத்தம் என் முழங்கைக்குள் ஏறினது. கை நடுங்கத் தொடங்கியது. உள்ளங்கையில் இருந்த தாடையும் அதோடு சேர்ந்து நடுங்கியது.

"அக்கா, ஏலாட்டி விடுங்க. வேற ஆரையும் கூப்பிடுவம்," என்றா டொக்டர் என் முகத்தைப் பார்த்து.

"இல்ல மிஸ். நீங்க முழுக்கச் சுடுங்க."

பின்பக்கம் வட்டம் விழுந்தது. பக்கங்கள் விழுந்தன. முன்பக்கம், எப்போதும் விடுபடுகிற அந்த இடம், அங்கேயும் விழுந்தது. செம்பு நிறத்தில், இடைவெளி இல்லாமல். அவ இரும்பைத் தூக்கி, "முடிஞ்சிது," என்றா. அந்தச் சொல்லை அந்த முற்றத்தில் ஒருவர் உண்மையாகச் சொன்னது அப்போதுதான்.

குட்டியை இறக்கிவிட்டேன். தலையை இரண்டு தரம் உதறிவிட்டு ஓடிப்போய்த் தாயின் மடியை முட்டியது. வால் ஆடியது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன், கையை மடியில் வைத்து, நடுக்கம் அடங்கட்டும் என்று. குட்டி கத்தும்போது நெஞ்சு இப்படிப் பதறும் என்று எனக்கு முன்பு தெரியாது. உங்களோடு இருந்து இருந்து உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கும், அல்லது எல்லாருக்குமே அப்படித்தானோ என்னவோ. நீங்கள் விட்டுப்போனதில் எனக்கென்று மிஞ்சினது அந்த நடுக்கம் ஒன்றுதான். அதை வைத்துக்கொள்கிறேன்.

எனக்கும் கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே பிடித்தேன். உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.